தரை தட்டாத பொய்யெறா

பேய், காத்து, கருப்புன்னு யாராச்சும் வந்து எங்கிட்ட சொன்னா, கையில ஒரு டார்ச் லைட்டைக் குடுத்து "இன்னொருக்கா நல்லாப் பாத்துட்டு வாப்பா"ன்னு அனுப்பி வைக்கிற ஆளு நான். அறுபத்தேழு வயசாகுது. படிச்சது மூணாப்பு. ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற பூக்கல் பட்டறையில மண்ணு சொமந்தவன் இன்னைக்குக் காரைக்குடியில சொந்தப் பட்டறை வச்சு ஏழு பேருக்கு வேலை குடுக்குறேன்னா, எதையும் சட்டுன்னு நம்பாத புத்திதான் காரணம். இப்ப நான் சொல்லப் போறதை நீங்க நம்பாட்டி எனக்கு வருத்தமே கெடையாது, நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் பட்டறையில செய்யிறது கணவாய் மீன் பிடிக்கிற பொய்யெறா. எறா மாதிரியே இருக்கும், துணி சுத்தி, கண்ணு வச்சு, வால்ல ரெண்டு வரிசை வளைஞ்ச ஊசி, கழுத்துக்குக் கீழ ஈயம். பாக்குறதுக்கு விளையாட்டுச் சாமான். ஆனா சூட்சுமம் அந்த ஈயத்துல இருக்கு. ராத்திரி வள்ளத்துல விளக்கைத் தொங்க விட்டா கணவாய் வெளிச்சத்துக்கு வரும், ஆனா வெடுக்குனு விழுகிற இரையைத் தொடாது, தயங்கித் தயங்கி இறங்குறதைத்தான் கட்டிப் பிடிக்கும். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். ஒரு பாகம் இறங்க என் சரக்குக்கு எட்டு எண்ணணும். ஏழும் ஆகாது ஒம்போதும் ஆகாது. பூக்கல் ஊறப்போடுற தொட்டி ஒண்ணை வாங்கி வச்சு ஒவ்வொண்ணையும் அதுல விட்டு நானே எண்ணிப் பாத்துத்தான் வெளிய அனுப்புவேன். இஞ்சினியருக்குப் படிச்ச பையன் ஒருத்தன் வந்து அரை நாள் நின்னு பாத்துட்டு "எப்படி ஐயா இது"ன்னு கேட்டுட்டுப் போனான், அது கெடக்கட்டும்.

போன மாசிக்கு முந்துன மாசியில தொண்டிப் பக்கத்துல இருந்து சூசை போன் பண்ணுறான். வள்ளம் வச்சிருக்கவன், பத்து வருசமா எங்கிட்டதான் சரக்கு எடுக்குறான்.

"அண்ணே, உங்க பொய்யெறா தரை தட்ட மாட்டேங்குது."

"தண்ணி ஓட்டம் இழுத்திருக்கும்டா."

"ஓட்டமே இல்லண்ணே. நேராத்தான் போகுது. நூலு பத்தாம அறுத்து விட்டேன். ரெண்டு தடவை ஆயிருச்சு. இங்குட்டு ஆளுக உங்க சரக்கைத் தொடவே யோசிக்கிறாக."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. வேற எவன்கிட்டயோ சரக்கு எடுத்துட்டு என் பேரைக் கெடுக்குறான்னு தோணுச்சு. அந்தக் கரையில என் பேரு போச்சுன்னா அந்த ஏழு பேரு வீட்டுலயும் உலை வைக்க முடியாது. நானே வர்றேன்டான்னு சொல்லிட்டேன். பன்னெண்டு பொய்யெறாவை நானே தொட்டியில விட்டு எண்ணி, புது உருளைத் தங்கூசி நரம்பு, அதான் தூண்டில் நூலு, வெள்ளை நெறம், முப்பத்தஞ்சு பாகம், அதையும் வாங்கி, எல்லாத்தையும் பையில போட்டு முடிஞ்சு மடியிலயே வச்சுக்கிட்டுப் பஸ் ஏறுனேன். மாத்தி வைக்க எவனுக்கும் எடம் குடுக்கல.

கரையில சூசை நிக்கிறான். "வாங்கண்ணே. கடலுக்குச் சட்டை தேச்சுப் போட்டு வந்திருக்கீக?"

"கல்யாணத்துக்கு வந்தாலும் கடலுக்கு வந்தாலும் நான் இப்படித்தான். ஓட்டுடா."

வள்ளத்துல நாங்க ரெண்டு பேரு மட்டும். அமாவாசை, கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி அசையாமக் கெடந்துச்சு. சூசை வெறும் ஈயத்தைக் கட்டி விட்டு ஆழம் பாத்தான். அஞ்சு பாகம், அடியில சேறு. அப்ப என் சரக்கு நாப்பது எண்ணுறப்ப தரை தட்டணும். என் முடிச்சை நானே போட்டேன், நாலு சுத்து வலப்பக்கமா. சூசையை எதிர் ஓரத்துல உக்காரச் சொன்னேன். கைக்கெட்டுற தூரத்துல விடல.

மொத எறக்கத்துல நாப்பதுக்குத் தட்டுச்சு. ரெண்டாவதுல முப்பதுலயே ஊசிக்கணவாய் ஒண்ணு கட்டிப் பிடிச்சு, மேல வந்து என் தேச்ச சட்டையில மை பீச்சிருச்சு. சூசை விழுந்து விழுந்து சிரிக்கிறான். "கணவாய்க்கும் உங்களைப் பிடிக்கலண்ணே." நானும் சிரிச்சேன். என் சரக்குல குத்தம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல.

அஞ்சாவது எறக்கம். முப்பது, நாப்பது, அம்பதுன்னு போய்க்கிட்டே இருக்கு. தட்டல. நரம்பு சாயாம நட்ட கம்பு மாதிரி நேரா இறங்குது. எண்ணுறதை நிறுத்தாம சூசையைப் பாத்தேன், அவன் உக்காந்த ஓரத்துல இருந்தே வெறும் ஈயத்தைத் திரும்ப விட்டான், என் நரம்புக்கு ஒரு வள்ளம் அகலம் தள்ளி. அஞ்சு பாகத்துல சேத்துல போய் நின்னுருச்சு. என்னோடது நூறைத் தாண்டியாச்சு. நம்புனா நம்புங்க, வேகம் மாறவே இல்ல. பாகத்துக்கு எட்டு. என் கணக்குப்படியே போகுது. எரநூத்தி நாப்பது எண்ணுனேன். முப்பது பாகம். அங்க நின்னுச்சு.

நின்னுட்டு, ஒரு தரம் இழுத்துச்சு. மெதுவா. கணவாய் இழுப்பு எனக்குத் தெரியும், அது உறிஞ்சுற மாதிரி இருக்கும். இது வேற. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. அப்புறம் மூணாவது.

நான் என்ன நெனச்சேன்னா, எவனோ கீழ ஆளை வச்சு விளையாடுறான்னு நெனச்சேன். கையும் களவுமாப் பிடிக்கணும்னு உள்ளங்கையில நரம்பைச் சுத்தி, இருக்குற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு வெடுக்கு வெடுக்குனேன். அப்புறம் சரசரன்னு இழுத்து மேல கொண்டாந்தேன்.

பொய்யெறா வந்துச்சு. என் முடிச்சு இல்ல. என் வெள்ளை நரம்பு முடிஞ்ச எடத்துல ஒரு கை நீளத்துக்குப் பச்சை நரம்பு, பழசு, வெளுத்துப்போனது. அதோட நுனியில என் பொய்யெறா. ரெண்டு பக்கமும் முடிச்சு, ரெண்டும் இடப்பக்கமாச் சுத்துனது, மிச்ச நுனியைப் பல்லால கடிச்சுத் துண்டாக்கியிருக்கு.

சூசை போன் வெளிச்சத்தை அதுமேல பிடிச்சான். "எங்க அண்ணன் முடிச்சுண்ணே இது."

அவன் அண்ணன் அந்தோணி கணவாய்க்குத் தனியாப் போனவன் மூணு வருசமாத் திரும்பல. வள்ளம் மட்டும் வந்து ஒதுங்குச்சு. இடது கைக்காரன். அந்தப் பச்சை நரம்பு இப்ப கடையிலயே வர்றதில்லையாம். அவன் பொஞ்சாதி ரீத்தா, எங்கயாச்சும் கரை ஒதுங்கி உசுரோட இருப்பாகன்னு சொல்லி செத்தவுகளுக்குக் குடுக்குற பூசைக்கு இன்னும் ஒத்துக்கல. ஜெபம் பண்ண ஒரு குழியும் இல்ல, தாலியைக் கழட்டி வைக்கவும் மனசு வரல.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏன்டா, செத்தவனை வச்சா எங்கிட்ட நாடகம் போடுற?" அவன் மடியை அவுத்துப் பாத்தேன், வள்ளத்துப் பலகையை எல்லாம் தூக்கிப் பாத்தேன், தண்ணிக்குள்ள வெளிச்சம் அடிச்சேன். பக்கத்துல ஒரு வள்ளம் கெடையாது. அவனும் இருந்த எடத்தை விட்டு நகரல. என் கையும் நரம்பை விடல, அதை எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்ணுவேன்.

"இன்னொருக்கா விடுங்கண்ணே. காலுல விழுறேன்."

விட்டேன். நாப்பதுக்குத் தரை தட்டுச்சு. விடிய விடிய அவன் விட்டான், பன்னெண்டையும் மாத்தி மாத்தி. எல்லாம் நாப்பதுக்குத் தட்டுச்சு. வெளுக்குற நேரத்துல சூசை ஒண்ணே ஒண்ணு சொன்னான், "நீங்க கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ணே."

நான் அந்தப் பச்சைத் துண்டை எடுத்துக்கிட்டுக் காரைக்குடி வந்துட்டேன். அவன்கிட்ட விட்டா ஊரெல்லாம் காட்டிக் கதை கட்டுவான்னுதான். பத்து நாள் கழிச்சு பட்டறை வாசல்ல ஒரு பொம்பளை. ரீத்தா.

"சூசை சொன்னதை நான் நம்பல. நீங்க எதையும் நம்பாத ஆளுன்னு சொன்னாக. அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன்."

எடுத்துக் குடுத்தேன். வெயில்ல பிடிச்சு முடிச்சை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. அழுகல.

"போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இஞ்சின் பெல்ட்டுல மாட்டி அவுகளுக்கு ரெண்டு விரல் மடங்காமப் போச்சு. சூசைக்குக்கூடச் சொல்ல விடல. கடைசியா எல்லா முடிச்சும் நாந்தான் போட்டுக் குடுத்தேன். நான் போட்டா வலப்பக்கம் சுத்தும்." முடிச்சைத் தடவிக்கிட்டே சொன்னா, "இது அவுகளே போட்டது. அங்க போய் விரல் நல்லாயிருச்சு போல."

அடுத்த ஞாயித்துக்கிழமையே பூசை குடுத்தாக. என்னையும் கூப்பிட்டு விட்டாக. போனேன், கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன்.

இப்பவும் நான் விட்டுக் குடுக்கல. சூசை ஏதோ கைவேலை காட்டியிருக்கணும், அண்ணிக்காரி மனசு ஆறட்டும்னு செஞ்சிருக்கணும், எப்படின்னு மட்டும் பிடிபடல. நீங்க யாராச்சும் பிடிச்சா சொல்லுங்க. ஆனா பட்டறைக்கு வந்த அன்னைக்கு ரீத்தா கெளம்புறப்ப ஒண்ணு கேட்டா, "மூணு தரம் இழுத்தாகளாமே, அப்புறம் என்ன ஆச்சு?" அப்புறம் ஒண்ணும் இல்ல தாயின்னு சொல்லிட்டேன்.

பொய் சொன்னேன். நான் வெடுக்குனு இழுத்தப்ப அந்தப் பக்கம் கனம் இருந்துச்சு. ஊசி ஏதோ மெத்துன்னு இருக்குற ஒண்ணுல ஏறுன கனம். பிடிச்சிருந்தது ஒரு நொடி தாக்குப் பிடிச்சுது, அப்புறம் வலிச்சு விட்ட மாதிரி விட்டுருச்சு.