குழுவுக்குப் போகாத கடிதம்

அந்த டேனிஷ் நகராட்சி மன்றத்தில் பதினேழு உறுப்பினர்கள் இருந்தார்கள். நவம்பர் தேர்தல் முடிந்த வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகை அவர்களுடைய படங்களை ஒரு பக்கம் முழுவதும் வெளியிட்டது. டேனிஷ் மொழி பழகுவதற்காக அந்தப் பக்கத்தை அகராதியோடு இரண்டு நாள் படித்தேன். தொழிலாளர்களின் கட்சிக்கு ஏழு இடங்கள். அதனோடு சேர்ந்து போகும் சிறிய இடதுசாரிக் கட்சிக்கு ஒன்று. எதிர்ப்பக்கத்தில் விவசாயிகளின் கட்சிக்கு ஆறு, கடைக்காரர்கள் ஆதரிக்கும் கட்சிக்கு இரண்டு. எட்டுக்கு எட்டு. மிஞ்சிய ஓர் இடம் பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருந்தது. தன் கிராமத்துப் பாடசாலையை மூடவிடக்கூடாது என்று தனிப் பட்டியலில் நின்று வென்றவர். அவர் கை உயர்த்தியதால் தொழிலாளர் கட்சிக்காரர் மீண்டும் மேயரானார். அதற்கு ஈடாக அந்தப் பெண்ணுக்குச் சமூக நலக் குழுவின் தலைமை வந்தது. மேயரை நான்கு வருடத்துக்கு யாரும் இறக்க முடியாது. ஆகவே அந்த ஒப்பந்தம் அன்றே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு விடயத்திலும் தன் விருப்பப்படி வாக்களிக்கலாம்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் மனம் அமைதியிழக்கிறது.

அகதிகளாக வந்த நாங்கள் பதினொரு பேர், மூடப்பட்ட ஆஸ்பத்திரியின் பழைய தாதியர் விடுதியில் இருந்தோம். கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம். எங்களைப் பொறுப்பேற்ற உதவி அமைப்புக்கு மார்ச் கடைசி வரை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மன்றம் அந்தத் தவணையை நீட்டிக்காவிட்டால் எங்களைப் பிரித்து அனுப்புவார்கள். குடும்பங்கள் கோல்டிங் நகரத்துக்கு, தனி ஆட்கள் ஹேர்னிங் நகரத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் ஒரு குடும்பம். நான் தனி ஆள். அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்தில் பட்ட பாட்டால் அவளுக்குப் பயம் போகவில்லை. மருத்துவிச்சி கேட்பதை அவளுக்குத் தமிழிலும், அவள் சொல்வதை மருத்துவிச்சிக்கு டேனிஷிலும் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன என் இலக்கியப் படிப்பு இந்த ஒரு வேலைக்கு உதவியது.

ஜனவரியில் குழுத் தலைவியான அந்தப் பன்றிப் பண்ணைக்காரப் பெண் விடுதிக்கு வந்தார். சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு எல்லா அறைகளையும் பார்த்தார். அடுப்பு எத்தனை, குளியலறை எத்தனை, குழந்தை எப்போது என்று கேட்டுக் கொப்பியில் எழுதினார். தேநீரைக் குடித்து முடித்து, "நீங்கள் இங்கேயே இருக்க விரும்பினால் என் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெப்ரவரிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

அவர் போனதும் அத்தான் சிரித்தார்.

"பண்டி வளர்க்கிற மனிசிக்கு விண்ணப்பம் எழுதவோ? மேயர் எண்டு ஒரு ஆள் இருக்கேக்கை குழுவிட்டை ஆர் போவினம்?"

"அவதான் எழுதச் சொன்னவ, அத்தான்."

"எழுதச் சொல்லுவினம். எங்கடை ஊரிலை எம்.பி.யின்ரை சிபாரிசுத் துண்டில்லாமல் ஆருக்காவது வேலை கிடைச்சதோ? பெரிய ஆளைப் பிடிச்சால் அலுவல் முடிஞ்சுது."

மன்னாரிலிருந்து வந்த அண்ணை ஒருவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஓமோம், பெரிய ஆளைப் பிடியுங்கோ. ஆனால் வெறுங்கையோடை போகாதேங்கோ. தங்கச்சி, இந்த நாட்டு மேயர் உழுந்து வடை தின்னுவாரோ?"

"தெரியாது அண்ணை."

"தின்னாட்டி நான் தின்னுறன். கூட்டிக்கொண்டு போங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பத்திரிகையில் படித்த எட்டுக்கு எட்டுக் கணக்கை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மேயரிடம் இருப்பதும் ஒரே ஒரு கைதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாரும் இருக்கும்போது அத்தானை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கேட்டதை மொழிபெயர்ப்பது மட்டுமே என் பொறுப்பு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கடிதத்தை மூன்று தடவை திருத்தி எழுதினேன். ஒரு பிழைகூட இருக்கவில்லை. மேலே, பெறுநர் இடத்தில், மேயரின் பதவியை எழுதினேன்.

அத்தானும் இன்னும் மூன்று பேரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார்கள். அக்கா விடியவே எழும்பி வடை சுட்டாள். மேயர் உண்மையாகவே நல்ல மனிதர். எழுந்து வந்து கை கொடுத்தார், கடிதத்தை வாசித்தார், இரண்டு வடை சாப்பிட்டார், தண்ணீர் கேட்டார். பிறகு பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்தது: நடுவில் மேயர், கையில் வடைத் தட்டு, இரு பக்கமும் எங்களுடைய ஆண்கள். விடயத்தைக் குழுவுக்கு அனுப்பாமல், நேரம் குறைவு என்று சொல்லி, நேரே மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார். தன் பக்கம் ஒன்பது கைகள் இருப்பதாக அவர் நம்பியிருக்க வேண்டும்.

அத்தான் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். "இப்ப என்ன சொல்லுறீர்?" என்று என்னைக் கேட்டார்.

பெப்ரவரிக் கடைசிக் கூட்டத்துக்கு நானும் அத்தானும் போனோம். பின்வரிசையில் பொதுமக்களுக்கு நாற்காலிகள் உண்டு, உட்காரலாம், பேசக்கூடாது. எங்களுடையது பாலத்துக்கும் நாய் வரிக்கும் பிறகு ஏழாவதாக வந்தது. மேயர் சுருக்கமாகப் பேசி அமர்ந்தார். விவசாயிகளின் கட்சிக்காரர் ஒருவர், தனக்கு இன்னும் வடை வந்து சேரவில்லை என்றார். சிரிப்பு அடங்கியதும் குழுத் தலைவி எழுந்தார்.

"இந்தக் கட்டடம் என் குழுவின் பொறுப்பு. நான் அங்கே போயிருக்கிறேன், அடுப்புகளை எண்ணியிருக்கிறேன். கடிதத்துக்காகக் காத்திருந்தேன். அது வந்ததைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். குழு பார்க்காத ஒன்றை இந்த மேசையில் முடிவெடுக்கும் பழக்கத்தை நான் தொடங்கிவைக்க மாட்டேன். இன்று இது என்றால், நாளை என் கிராமத்துப் பாடசாலையும் இப்படித்தான் வரும். என் குழுவுக்குத் திருப்பி அனுப்புங்கள்."

திருப்பி அனுப்ப ஒன்பது கைகள் உயர்ந்தன. எட்டுக் கைகள் மேசையில் இருந்தன. மேயரின் கையும் அவற்றில் ஒன்று.

அத்தான் என் காதருகே குனிந்தார். "ஒன்பது பேர் எங்களுக்கோ?"

"இல்லை. திரும்பக் குழுவுக்கு."

"அப்ப அடுத்த கூட்டத்திலை முடிப்பினம்."

"அடுத்த கூட்டம் மார்ச் கடைசியிலை. அதுக்கு முதல் எங்களை அனுப்பிப்போடுவினம், அத்தான்."

வெளியே நடைகூடத்தில் குழுத் தலைவி மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"கடிதத்தை இன்றுதான் வாசித்தேன். நல்ல டேனிஷ். நீதானே எழுதினாய்?"

"ஆம்."

"நான் சொன்னது உனக்கு விளங்கவில்லையா?"

"விளங்கியது."

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மார்ச் மாதம் எங்களைப் பிரித்தார்கள். ஏப்ரலில் ஒரு பிற்பகல், ஹேர்னிங் விடுதியின் வாசல் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கோல்டிங் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தான். குழந்தை நாளுக்கு முந்தியே வரப் பார்க்கிறது என்றார். மருத்துவிச்சி கேள்விகளை என்னிடம் சொன்னார். நான் அவற்றைத் தமிழில் சொன்னேன். அத்தான் அறைக்குள் போய் அக்காவிடம் கேட்டு வந்து பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் தொலைபேசியில் ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் குரல் ஒரு தடவைதான், தூரத்தில், கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

பிள்ளை பிழைத்தான். அக்காவும் பிழைத்தாள்.

அடுத்த கிழமை கோல்டிங்குக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். எழுதும் முன் ஹேர்னிங் நூலகத்துக்குப் போய், இதைத் தீர்மானிக்கும் குழு எது, தலைவர் யார், எப்போது கூடுகிறது என்று கேட்டு அறிந்தேன். மேயருக்குப் பிரதிகூட அனுப்பவில்லை. அனுமதி வந்தபோது பிள்ளைக்கு மூன்று மாதம்.

நான் போன அன்று அக்கா பிள்ளையை என் மடியில் வைத்தாள். அத்தான் அந்தப் பத்திரிகைப் படத்தை இங்கேயும் கொண்டுவந்து சமையலறையில் ஒட்டியிருந்தார்.

"அந்தப் பண்டிக்கார மனிசி மட்டும் எதிராக் கை தூக்காட்டி," என்றாள் அக்கா, "நீ என்னோடை நிண்டிருப்பாய், என்ன?"

"ஓம்" என்றேன். கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்தும் எழுதாத நான், அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. இன்றுவரை திருத்தவில்லை.