சேராத வட்டம்

எங்கள் பள்ளியின் கணக்கு அலமாரியில் ஒரு மரக் காம்பஸ் இருக்கிறது. கரும்பலகையில் வட்டம் போடுவதற்கான பெரிய கருவி. ஒரு காலில் இரும்பு முனை. மறு காலில் சாக்பீஸ் செருகும் தகரக் குழல். மூட்டின் திருகு தேய்ந்துபோனதால் சிவப்பு நூல் சுற்றியிருப்பார்கள். ஆனாலும் பாதி வட்டம் தாண்டியதும் கால் மெல்ல அகன்றுவிடும். திரும்பி வரும் கோடு, தொடங்கிய இடத்தை விட்டு ஒரு விரற்கடை விலகி நின்றுவிடும். அந்த இடைவெளியை நான் ஒருநாளும் மாணவிகள் பார்க்க விட்டதில்லை. உடம்பால் மறைத்துக்கொண்டு, விரலால் அழித்து, கையாலேயே வளைத்துச் சேர்த்துவிடுவேன். அது எனக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது.

பத்தாம் வகுப்பின் இரு பிரிவுகளும் அப்போது ஒரே நீளக் கூடத்தில் நடந்தன. நடுவே ஆளுயரத் தட்டி. அந்தப் பக்கம் ‘பி’ பிரிவுக்குக் கணக்கு எடுத்தவரும் என் வயதை ஒத்தவர்தான். ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம், ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். இருவரும் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றே அழைத்துக்கொண்டோம். அதே காம்பஸால் அவர் வட்டம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடு சேரவில்லை. தட்டிக்கு அப்பால் அவர் குரல் கேட்டது.

“ஏன் சேரல மக்கா?”

“ஒங்க கை நடுங்கிட்டு டீச்சர்.”

“ஏட்டி, எனக்கு அம்புட்டு வயசாயிட்டோ? வேற சொல்லு.”

“காம்பஸு கால் அகண்டுட்டு.”

“அகண்டா அகலட்டுமே. அதுக்கும் வட்டத்துக்கும் என்ன சோலி?”

அதன்பிறகு நீண்ட அமைதி. என் வகுப்பில் அத்தனை நேரம் ஆசிரியர் வாய் மூடி நின்றால் தலைமையாசிரியர் எட்டிப்பார்ப்பார். நடுவிலிருந்து எல்லாப் புள்ளியும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அந்தத் தூரம் மாறியதால்தான் கோடு வழிதவறியது என்பதை ஒரு பெண் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கையில் மணி அடித்துவிட்டது. அந்த ஒரு பாடவேளையில் நான் மூன்று கணக்குகளை எழுதிப்போட்டு முடித்திருந்தேன். அன்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததாக நினைவு.

எங்கள் முறை வேறு. எங்கள் என்று நான் சொல்வது இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பெரும்பாலானவர்களை. கணக்கு வராத பிள்ளைகளுக்கு வடிவியல் வரைதலையும் வரைபடத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்குவோம். அந்த இரண்டையும் பிழையின்றிப் போட்டுவிட்டால் தேர்ச்சிக்குப் பாதி வழி கடந்தாயிற்று. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தொலைவில் ஒரு புள்ளி, அதிலிருந்து இரு தொடுகோடுகள், நீளம் ஏழு புள்ளி நான்கு. என் பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். விசைத்தறியில் பாவு நூல் ஓட்டிவிட்டு வரும் பிள்ளைகள். அவர்களைக் கரைசேர்ப்பதே புண்ணியம் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். என் வகுப்புக்கும் சேர்த்து அவரே போயிருக்கிறார். அதே கணக்கைக் கொடுத்து, ஒரே ஓர் எண்ணை மாற்றியிருக்கிறார். புள்ளி மையத்திலிருந்து எட்டு அல்ல, இரண்டு சென்டிமீட்டர். அதாவது புள்ளி வட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து தொடுகோடே வரைய முடியாது. மறுநாள் மதியம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் முன், தாள்களை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏறத்தாழ எல்லோரும் புள்ளியை வட்டத்துக்கு வெளியே எட்டு சென்டிமீட்டரில் தள்ளி வைத்து, அழகாக இரு தொடுகோடுகள் வரைந்து, ஏழு புள்ளி நான்கு என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள்.

“ஒரு பிள்ள எந்திச்சு, ‘டீச்சர், நீங்க தப்பா எழுதிட்டிய, எட்டுதான் வரும்’னு எனக்கே திருத்தம் சொல்லுதா” என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். “எச்.எம். கிட்டலாம் சொல்லல. ஒங்களுக்குத் தெரியணுமேன்னுதான்.”

“பரீட்சையில பாஸ் ஆயிருவாளுவல்லா?” என்று கேட்டேன். என் முகம் சுட்டது. குரலில் வீம்புதான் வந்தது.

“ஆயிருவாளுவ டீச்சர். அதான் பயமாருக்கு.”

அந்த ஆண்டு என் பிரிவில் எல்லோரும் தேறினார்கள். அவர் பிரிவில் சிலர் தவறினார்கள். அவர்களில் ஒருத்தியின் தாய் பள்ளி வாசலில் நின்று, “எம்புள்ளைய யோசி யோசின்னு சொல்லியே கெடுத்துட்டியளே” என்று அழுதாள். மறுதேர்வு வரும்வரை அவர் கொளுத்தும் வெயிலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், வரைதலையும் வரைபடத்தையும் என் முறைப்படியே போட்டுப் பழக்கி அவளைத் தேர்ச்சி பெறவைத்தார். அவருக்கும் அது தலைகுனிவாகவே இருந்திருக்கும். இந்தச் சம்பவத்தை நான் பல ஆண்டுகள் எனக்குச் சாதகமான சாட்சியாக மனத்தில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழுக்காடு குறைந்த ஆசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நூறு காட்டியவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துவார்கள். அன்று அவர் நின்றுகொண்டிருந்தார். நான் மேடையில் இருந்தேன். எப்படிச் சாதித்தீர்கள் என்று அதிகாரி ஒலிவாங்கியை நீட்டியபோது, அந்தத் தாள்கள் கண்முன் வந்தன. “தொடர் பயிற்சி” என்றேன். கைதட்டினார்கள். நிற்பவர்களின் வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றும் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, தடுமாறும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதுபோல், தலையை மெல்ல அசைத்தார். சால்வை கழுத்தில் குத்தியது.

அந்த வாரமே தலைமையாசிரியர் என்னை அழைத்து, “ரெண்டு பிரிவையும் நீங்களே எடுத்துக்கிடுதியளா டீச்சர்? அவங்களுக்கு ஆறாம் வகுப்பக் குடுத்துருவோம்” என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்ப்பிருந்தது. எடுத்துக்கொண்டேன். தட்டியையும் கழற்றிவிட்டார்கள். மறு ஆண்டு அவர் சிவகிரிப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். பேருந்து நிலையம்வரை உடன் போனேன். ஏறும்முன், “அந்தக் காம்பஸு நூல் அத்துப்போச்சு, மாத்திக்கிடுங்க” என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “ரொம்ப இறுக்கிராதீய” என்று சிரித்தார். நான் நூலை மாற்றினேன். இறுக்கித்தான் கட்டினேன்.

இப்போது வகுப்பில் பெரிய திரை வந்துவிட்டது. விரலால் தொட்டு இழுத்தால் வட்டம் பிசகின்றிச் சேர்ந்துகொள்கிறது. போன மாதம் ஒரு பிற்பகல், வட்டம் நடத்திக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. தெருவில் தறிச் சத்தம் சட்டென்று அடங்கியது. அலமாரியிலிருந்து காம்பஸை எடுத்து வந்து பழைய கரும்பலகையில் வட்டம் போட்டேன். நூல் எப்போதோ தளர்ந்திருக்க வேண்டும்; கோடு ஒரு விரற்கடை விலகி நின்றது. அந்த அமைதியில், “ஏன் சேரல மக்கா?” என்ற அவர் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டபின் வரும் மௌனத்தில் எப்படி நிற்பது என்பது எனக்குத் தெரியாது. என் உடம்பு தானாகவே பலகையை மறைத்தது, விரல் அழித்தது, சாக்பீஸ் வளைத்துச் சேர்த்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

“ஐயோ, சேத்துராதீங்க டீச்சர். எங்கன வச்சு விலகுச்சுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

நான் திரும்பி, பலகையை விட்டு விலகி நின்றேன். அவள் கழுத்தை நீட்டித் தேடினாள். பலகையில் வட்டம் முழுதாக இருந்தது.