டீச்சர் மேசைக்கு ஒரு கறுப்பு வெள்ளை டி.வி.

கல்யாண வீடுகளுக்கு டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவதுதான் அப்போது என் தொழில். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. எண்பதுகளின் கடைசியில், பாலக்கோடு பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து ஆள் வந்து, கம்ப்யூட்டரை டி.வி.யில் இணைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கம்ப்யூட்டரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் முடியும் என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

பாடம் எடுத்தவர் கணக்கு டீச்சர் சரோஜா. ஐம்பதை நெருங்கும் வயது. சேலத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். கம்ப்யூட்டரோடு வந்த மானிட்டர் சின்னது, பச்சை எழுத்து. பின் பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அதனால்தான் டி.வி. என்றார்.

கம்ப்யூட்டரின் முதுகில் ஆன்டெனா சாக்கெட் மாதிரியே ஒன்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கோஆக்சியல் கேபிளை வெட்டி, இரண்டு முனையிலும் பிளக்கைச் சால்டர் வைத்து, டி.வி.யில் சேனலைத் திருகித் திருகிப் பிடித்தேன். எழுத்து வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் கொண்டு போயிருந்தது இருபது இன்ச் கலர் டி.வி., பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு மட்டுமே வெளியே எடுப்பது. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

டீச்சர் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அடுத்த நிமிடமே ஒரு மாணவியை எழுப்பி, திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவள் படித்த பிறகுதான் இவர் விரல் கீபோர்டில் ஓடியது. அது எனக்கு உறுத்தியது. பெல் அடித்து வகுப்பு காலியானதும், எழுத்து சரியில்லையா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டேன்.

வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாய், புள்ளைங்களுக்குத் தெரியலைன்னு சொன்னது பொய்ங்க. எனக்குத்தான் தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை. லீவு விட்டதும் ஆபரேசன் பண்ணிக்குவேன். அதுக்குள்ளாற அதிகாரி பார்வையிட வர்றாரு. இது தெரிஞ்சா கம்ப்யூட்டரை மூடி வெச்சிருவாங்க, பாடம் எடுக்க வேற ஆளில்ல. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அதிகாரி வர நான்கு நாள் இருந்தது.

கலரில் எழுத்தின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கசிந்தது. கேபிளை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், கசிவு போகவில்லை. குற்றம் கேபிளில்தான் என்று மூன்று நாள் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் சாயந்திரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு டி.வி. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை. செய்தியின் கீழே பெயர் போட்டார்கள். வெட்டி ஒட்டியது போல அத்தனை தெளிவு. கலர் ட்யூபில் மூன்று நிறப் புள்ளிகள். பொடி எழுத்து அதில் சிதறும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லையே இல்லை. தொழில்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விலை கூடியதுதான் நல்லது என்ற நினைப்பு என் கண்ணை மறைத்துவிட்டது.

ஆனால் அது என் மனைவி நூர்ஜஹானுக்கு அவள் அத்தா சீராகக் கொடுத்த டி.வி. யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, மூணு நாளா உங்களுக்குச் சோறு எறங்கல. காரணம் சொல்ல வேணாம். எடுத்துட்டுப் போங்க."



மறுநாள் காலையிலேயே மாட்டினேன். ஒரு வரிக்கு எண்பது எழுத்து வந்ததை டீச்சர் நாற்பதாகக் குறைத்தார். எழுத்து பெரிதாயிற்று, ஆனால் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றார். நாடக விளக்குக்குச் சுற்றும் பச்சை ஜெலட்டின் தாளை மைக்செட் கடையில் வாங்கி வந்து டி.வி. கண்ணாடியில் ஒட்டினேன். டீச்சர் முதல் வரியைப் படித்தார். யாரையும் எழுப்பாமல் இரண்டாம் வரியையும் படித்தார்.

மறுநாள் அதிகாரி வந்தார். கேபிள் கழன்றுவிடப் போகிறது என்ற சாக்கில் நானும் சுவரோரம் நின்றுகொண்டேன். அவர் கீபோர்டை வாங்கி, ப்ரோகிராமில் எதையோ மாற்றிவிட்டு, தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். டீச்சர் திரையைப் பார்த்தார்.

"நாப்பதுன்னு நம்பர் போட்ட வரிங்க சார். கடைசில மேற்கோள் குறியை எடுத்துட்டீங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பச்சைத் தாள் எதற்கு என்று கேட்டவரிடம், பிள்ளைகள் கண்ணுக்கு நல்லது என்று நானே சொன்னேன்.

பள்ளி திறந்த வாரத்தில் ஒரு டெம்போவில் டி.வி. திரும்பி வந்தது. கூடவே டீச்சரும் வந்தார், ஆபரேசன் முடிந்து தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு. கடை வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாய், உங்களுக்கு இவ்ளோ நரை இருக்குதா? நான் உங்களைச் சின்ன வயசுன்னு இல்ல நெனச்சிருந்தேன்."

அன்றுவரை நான் அவருக்கு ஒரு குரலும் ஒரு நிழலும்தான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உள்ளே திரும்பி, டீ சொல்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு மானிட்டர், ப்ரொஜக்டர் என்று எத்தனையோ இடத்தில் கேபிள் இழுத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, நான் கற்றது ஒன்றுதான். வயரை வெட்டுவதற்கு முன்னால், பார்க்கப்போகிறவர் உட்காரும் நாற்காலியில் நான் போய் ஒரு முறை உட்கார்ந்துவிடுவேன்.