பதினோராவது ஷரத்தும் எங்கள் வீட்டு மெத்தையும்

எங்கள் வீட்டுக்காரருக்கு மெத்தை கம்பெனியில் படுக்கிற வேலை. சிரித்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். புது மெத்தைகளில் ஒவ்வொன்றாகப் படுத்து, எங்கே அமுங்குகிறது, எங்கே முட்டுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விரல் ஆழம் பள்ளம் இருந்தாலும் அவர் முதுகு காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் மட்டும் வாயில்லாப் பூச்சி. சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் மூச்சு விடமாட்டார்.

பதினாலு வருஷம் தினக்கூலி. போன மாசம் திடீரென்று உங்களை நிரந்தரமாக்குகிறோம் என்று பத்தொன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். இரண்டு வாரத்தில் கையெழுத்து, இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அதையெல்லாம் யாராவது முழுசாகப் படிப்பார்களா? இவர் படித்தார். தீப்பெட்டியில் அச்சடித்திருப்பதையும் விடாமல் படிக்கிற மனுஷன்.

படித்து முடித்துவிட்டு எங்கள் கட்டிலையே வெறித்துப் பார்த்தார். அதில் கிடக்கிற மெத்தை, கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. போட்டிக் கம்பெனியுடையது.

"பதினோராவது ஷரத்துப்படி வேற கம்பெனி மெத்தை, சோபா, நாற்காலி எதுலயும் நான் உடம்பை வைக்கக் கூடாதாம்."

"இன்னும் கையெழுத்தே போடலையேங்க!"

"போட்டப்புறம் திடீர்னு பழக முடியுமா? இப்பவே பழகிக்கறேன்."

அன்றிலிருந்து வெறுந்தரையில் படுக்கை. தரைக்குக் கம்பெனி இல்லையாம். சாப்பாடு நின்றுகொண்டு, பேப்பர் நின்றுகொண்டு, காலி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் சித்தி வீட்டில் ரெண்டு மணி நேரம் சோபாவைத் தொடாமல் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் சித்தி போன் பண்ணி, "மாப்பிள்ளைக்கு மூலமாடி? எத்தனை நாளா?" என்று ரகசியமாகக் கேட்டாள். எனக்கு மானமே போயிற்று.

தரையில் படுத்துப் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்புதானே இந்த மனுஷனுக்கு மூலதனம்? இனி பொறுக்க முடியாது என்று, தையல் கடை மாடியில் 'வேலை ஒப்பந்தங்கள் படித்து ஆலோசனை தரப்படும்' என்று போர்டு வைத்திருந்த வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உட்காருங்க சார்."

"இது எந்தக் கம்பெனி நாற்காலிங்க?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பத்தொன்பது பக்கத்தையும் பென்சிலோடு படித்தார். பதினோராவதில் ஒரு கோடு. பதினாலாவதில் ரெண்டு கோடு. கம்பெனி மெத்தையில் படுத்திருக்கும்போது இவருக்குத் தோன்றும் எண்ணம் எல்லாம் கம்பெனியின் சொத்து என்று அதில் எழுதியிருந்தது.

இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பாவுக்கு வெச்ச பேரு, அங்க படுத்திருக்கும்போதுதான் தோணுச்சு. அதையும் குடுத்துடணுமா?"

அடப்பாவி மனுஷா! எட்டு வருஷமாக அந்தப் பெயர் தன் அம்மா சொன்னது என்றல்லவா என்னிடம் சொல்லியிருந்தார்.

"யாரும் எதையும் குடுக்க வேணாம்," என்றார் வக்கீலம்மா. "இது அவங்க எழுதினது, அவ்வளவுதான். பிடிக்காததை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். அதுக்குத்தானே ரெண்டு வாரம்?"

"கேக்கலாமா?" என்றார் இவர். வேறு கிரகத்துச் சேதி கேட்ட மாதிரி முகம்.

பன்னிரண்டாம் நாள் மூவரும் கம்பெனிக்குப் போனோம். தனியாக விட்டால் இவர் வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார், அதனால் நானும் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார். இவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். போட்டிக் கம்பெனி லேபிள். மேனேஜரும் குனிந்து பார்த்தார், முகம் சுருங்கிப்போயிற்று. ஆபீஸ் முழுக்க அதே நாற்காலிதான்.

இவர் நின்றார். மரியாதைக்கு மேனேஜரும் நின்றார். கால் மணி நேரத்தில் மேனேஜருக்கு முழங்கால் வலி வந்து, "கீழேர்ந்து நம்ம மெத்தை ஒண்ணைக் கொண்டாங்கப்பா!" என்று கத்தினார். ரெண்டு பேர் தூக்கி வந்து மேஜை பக்கத்தில் போட்டார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நெஞ்சில் வைத்து நீட்டிப் படுத்தார். பேச்சுவார்த்தை தொடங்கியது.

"ஷரத்தெல்லாம் மாத்த முடியாதும்மா," என்றார் மேனேஜர்.

வக்கீலம்மா கீழே பார்த்து, "சார், உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"பதினோராவது வேலை நேரத்துக்கு மட்டும் இருக்கணும். பதினாலாவது வேணவே வேணாம்," என்றார் இவர், கூரையைப் பார்த்தபடி. "அப்புறம், வலது ஓரம் அமுங்குது."

வக்கீலம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "கம்பெனி மெத்தையில படுத்திருக்கும்போது தோணினது. உங்க பதினாலாவது ஷரத்துப்படி இது கம்பெனியோட கருத்து. உங்க கருத்தை நீங்களே எதிர்க்கறீங்களா?"

மேனேஜர் சட்டப் பிரிவுக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் ரெண்டு ஷரத்தையும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இவர் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் எங்கள் கட்டிலில் தன் பக்கம் போய்ப் படுத்தார். பெருமையில் எனக்குக் கேலி பண்ணத் தோன்றியது.

"என்னங்க, நம்ம மெத்தை எப்படி? ரிப்போர்ட் குடுங்க பாப்போம்."

"இந்தப் பக்கம் இடுப்புக்கு நேரா பள்ளம். ரெண்டு விரல் ஆழம். கம்பி முட்டுது."

"எப்பலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"பத்து வருஷமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தது," என்றார். "அதுவும் இல்லாம, கேக்கலாம்னு எனக்குத் தெரியாதும்மா."

ஊரெல்லாம் வாயில்லாப் பூச்சி என்று இவரைச் சொல்லிச் சிரித்த எனக்கு, பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. அவரை எழுப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, நான் அந்தப் பள்ளத்தில் படுத்தேன். அஞ்சு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை.