ஜமீன் நாற்காலியைப் பார்க்க வந்த அப்பா

என் வீட்டுக்காரருக்குப் பழைய ஜமீன் சாமான் என்றால் உயிர். எந்த அரண்மனையில் சுவர் இடிகிறது என்று கேள்விப்பட்டாலும் வேனை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். வாள், பல்லக்கு, ஆளுயரக் கண்ணாடி என்று வாங்கிச் சேர்த்து, திண்டுக்கல்லுக்கு வெளியே சும்மா கிடந்த எங்கள் கடலை குடோனை மியூசியமாக்கிவிட்டார். நாம் பாதுகாக்காவிட்டால் இதெல்லாம் காயலான் கடைக்குத்தான் போகும் என்பார். அதுவும் உண்மைதான். எனக்குத்தான் தூசி தட்டித் தட்டி இடுப்பு போயிற்று.

திறப்பு விழாவுக்கு என் அப்பாதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்பா நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். மியூசியத்தின் நடுவில் இருந்த தேக்கு நாற்காலிதான் காரணம். அது எங்கள் ஊர் ஜமீனுடையது. அந்த அரண்மனை வாசலில் தாத்தா செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றதை, கூடப் போயிருந்த அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். "அதுக்கு நான் வெளக்கேத்தணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம். அந்தச் சனியனைத் தூக்கி மூலையில் போடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. விழா அப்பா இல்லாமலே நடந்தது. கடைசிவரை அவர் இங்கே காலெடுத்து வைக்கவே மாட்டாரோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

மாங்காய் சீசன் முடிந்து ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து நின்றார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவரைப் பிடித்து நிறுத்தி, அப்படியே போங்கப்பா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் செருப்போடு உள்ளே போனார்.

வேறு எதையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக நாற்காலி முன்னால் போய் நின்றார். பிரம்பு நைந்து, ஒரு கை லேசாக ஆடும் நாற்காலி அது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, உட்காருங்கள் மாமா என்று சொல்லிப் பார்த்தார். அப்பா தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று பதறி நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் முற்றத்து வெயிலில் நின்று, திறந்திருந்த கதவு வழியாக அந்த நாற்காலியையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிட்டு நின்னு பாத்தா எங்கப்பாவுக்குப் பெருசாத்தான் தெரிஞ்சிருக்கும் தாயி" என்றார்.