அமுதவல்லி அறுத்த பாவு

அறுத்தாள்தான். இல்லையென்று யார் சொன்னது? தறியில் நீளவாக்கில் ஏற்றிக் கிடந்த பாவு நூலைக் கத்திரியால் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் அமுதவல்லி அந்த வீட்டைவிட்டு இறங்கினாள். அதைப் பிடித்துக்கொண்டு சின்னாயி குழாயடியில் பேசுகிறாள், ராமாயி ரேஷன் கடை வரிசையில் பேசுகிறாள். முடியாத பாவை அறுத்தவள் தாலியை அறுத்த மாதிரி, அந்தக் கை விளங்காது என்கிறார்கள். குடிக்காத புருஷன், கை நீட்டாத புருஷன், அவனை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று கேட்கிறார்கள். குடிக்காததும் அடிக்காததும் ஒரு தகுதியா? ஊர் எல்லையில் நட்ட கல்லுகூடத்தான் குடிப்பதில்லை, யாரையும் அடிப்பதில்லை. அதனோடு யாராவது குடித்தனம் நடத்துவார்களா?

அறுத்தது எந்தப் பாவு, எவ்வளவு காலமாக அது தறியிலேயே கிடந்தது, அதற்குள்ளே என்ன குடியிருந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயை மூடியிருப்பார்கள், மூக்கையும் சேர்த்து.

அமுதவல்லி திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். ஜலகண்டாபுரத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இருக்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாப்பிள்ளை அறிவழகன், ஆராயியின் ஒரே மகன். வீட்டை ஒட்டிய பட்டறையில் நாலு விசைத்தறி. டவுனில் ஒரு கம்பெனிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார், இவர்கள் நெய்து கொடுப்பார்கள். வெள்ளையில் நீலக் கட்டம் போட்ட சின்னத் துண்டு. அமெரிக்காவில் சமையல்கட்டில் கை துடைக்கிற துணியாம். அதற்காக இங்கே இரண்டு பேர் விடியலில் எழுந்து நின்றார்கள்.

அவன் நல்ல நெசவுக்காரன். அதை மறைக்கக் கூடாது. நாலு தறியையும் ஒருத்தனாகப் பார்ப்பான். அவள் குறுக்கு நூலுக்குத் தார் சுற்றிப் போடுவாள், பாவு தீர்ந்தால் புதுப் பாவின் நுனியைப் பழையதோடு இழை இழையாகப் பிணைப்பாள். தறி ஓடுகிற இடத்தில் பேச்சு கேட்காது. கையும் கண்ணும்தான் பேசும். அவன் அந்தக் காலத்திலும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருப்பான். உதடு அசையும், அவள் சிரித்து வைப்பாள். என்ன சொன்னான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தறி நின்ற பிறகுதான் கேட்டது.

போன ஆவணியில் தறி நின்றது. அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை ஏற்றிவிட்டார்கள் என்றார் கம்பெனிக்காரர். இனி நெய்தாலும் எடுக்க மாட்டேன், தறியில் கிடக்கிற பாவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் இதே அடி. நாலு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பிறகு ஈரோட்டு வியாபாரிகள் வந்தார்கள், சலூன் கடைத் துண்டுக்கும் கைலிக்கும் பாவு கொடுத்தார்கள். புதுப் பாவு ஏற வேண்டுமென்றால் பழையது இறங்க வேண்டும். முடியாத பாவை அறுப்பது பாவம் என்பது ஊர்வழக்கம். அதனால் அண்ணமார் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி சம்மதம். அறுத்தார்கள், பிணைத்தார்கள், தறி ஓடியது.

அறிவழகன் மட்டும் போகவில்லை. அவன் டீக்கடைக்குப் போனான்.

அங்கேதான் அவனுக்கு அந்தப் பித்து பிடித்தது. போனில் எதையோ பார்த்துவிட்டு, போன தடவை அமெரிக்க எலெக்சனில் தோற்ற அந்தம்மா ஜெயித்திருந்தால் இந்த வரியே வந்திருக்காது என்றான். அதுவரைக்கும் சரி, ஊரில் பாதிப்பேர் அதைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். இவன் போகவில்லை. அந்தம்மா ஜெயித்த பிறகு என்ன நடந்திருக்கும் என்று நாள் நாளாகச் சொல்ல ஆரம்பித்தான். பால் வாங்கப் போகும்போது அமுதவல்லி காதிலும் அது விழும்.

"அவிங்க தாத்தன் ஊரு நம்ம மன்னார்குடிப் பக்கம். சாமி கும்பிட வந்திருப்பாங்க. வந்தவங்கள வெறுங்கையோடவா அனுப்புவோம்? நம்ம தறித்துண்டு ஒண்ணக் குடுத்திருப்போம். இந்நேரம் அது வெள்ளை மாளிகைச் சமையக்கட்டுல தொங்கிட்டிருக்கும்."

பக்கத்துத் தறிக்காரன் ஜெயபிரகாஷ் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பான்: "எந்த ஆணீலங்க மாமா தொங்கும்? அடுப்புக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

அறிவழகன் அதற்கும் பதில் வைத்திருப்பான். கடையில் இருப்பவர்கள் டம்ளருக்குள் சிரிப்பார்கள். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்கூட அமுதவல்லிக்கு இவ்வளவு கசந்திருக்காது.

ஐப்பசிக்குள் அவன் இன்னும் பழைய எலெக்சனுக்கெல்லாம் போய்விட்டான். அதற்கு முந்தி ஒரு அம்மா நின்றார்களாம், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார்களாம். அவர் ஜெயித்திருந்தால்? அதற்கும் முந்தி, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மாநிலத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஆட்சியே கைமாறியதாம். மறுபடி எண்ணிக்கொண்டிருந்ததைக் கோர்ட்டு நிறுத்தியதாம். எண்ணி முடித்திருந்தால்? நம் ஊர் வார்டு எலெக்சனில்கூட அதைவிட அதிகமாக வித்தியாசம் வரும், அந்த ஐந்நூறு பேர் அன்றைக்கு ஒழுங்காக ஓட்டுப் போட்டிருந்தால் என் தறி இன்றைக்கு ஓடும் என்பான். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். இவன் மீசையைச் சீவி முறுக்கிவிட்டு, சித்தப்பாவுக்குக் கல்யாணமும் பண்ணி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டான்.

அமுதவல்லி அடுத்த தெருப் பட்டறைக்குத் தார் சுற்றப் போனாள். வீட்டில் சொந்தமாக நாலு தறி நிற்க, ஊரான் தறிக்குத் தார். ஈரோட்டு வியாபாரி இரண்டு தடவை வாசலுக்கு வந்து கேட்டார். அமெரிக்காவுக்கு நெய்த தறியில் சவரம் பண்ணினவன் தாடையைத் துடைக்கிற துணியை நெய்வதா என்று அறிவழகன் அனுப்பிவிட்டான். அமெரிக்காக்காரன் மட்டும் அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டா திரிந்தான்? அவனும் எச்சில் கையைத்தான் துடைத்தான். அவள் அதைச் சொல்லியும் பார்த்தாள். அடுத்த வருஷம் நவம்பரில் அங்கே இன்னொரு எலெக்சன் இருக்கிறது, காற்று மாறும், பாவைத் தொடாதே என்றான்.

மார்கழியில் பட்டறையில் நாற்றம் எடுத்தது. முதலில் எண்ணெய் நாற்றம் என்று நினைத்தாள். பாவு உருளையை ஒட்டிக் குனிந்து பார்த்தால் நூலையெல்லாம் கடித்துக் குதறி, பஞ்சாக்கி, அதற்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. மயிர் முளைக்காத குட்டிகள். சுற்றிலும் புழுக்கை, மூத்திரத்தில் மஞ்சள் பூத்த நூல். ஒரு தறியில் மட்டும் இல்லை, பக்கத்துத் தறியிலும் அதே கதி. அவனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். மேல்நூல்தான் போயிருக்கிறது, உள்ளே நன்றாக இருக்கும், எலெக்சன் முடியட்டும் என்றான்.

"அமெரிக்காக்காரன் ஓட்டுப் போடற வரைக்கும் எலிக்குட்டி பொறுத்திருக்குமுங்களா?" என்றாள் அமுதவல்லி.

அவன் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

பொங்கல் வரைக்கும் அவள் பொறுத்துப் பார்த்தாள். தை பிறந்ததும் ஆராயியிடம் போய் நின்றாள். உங்கள் மகனுக்கு நான் சொன்னால் ஏறாது, சாமி சொன்னால் ஏறுமா, பூக் கேட்போம் என்றாள். ஆராயிக்கும் தறி ஓடாத வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. பெற்றவள் சொன்னதால் அவன் வந்தான். சாமி சொன்னால் கேட்கிறேன் என்று வாயால் சொன்னான். அதை நாலு பேர் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணமார் கோயில். பூசாரி ஆண்டி இரண்டு பொட்டலமும் கட்டி வைத்தார். எடுக்க வேண்டியது இவர்கள் மகள் யுவஸ்ரீ, ஐந்தாவது படிக்கிற பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். ஆண்டி பிரித்தார். வெள்ளை. ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அமுதவல்லி மூச்சு விட்டாள். எத்தனை மாதத்து மூச்சோ அது.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"பூசாரி, மறுக்கா வெய்யுங்க. ரெண்டு பொட்டலமும் ஒட்டிக்கிட்டு இருந்துது. புள்ள கைக்கு எட்டுனத எடுத்துட்டுது. இப்படி நெருக்கத்துல வந்தா அமெரிக்காவுல மறுபடி எண்ணுவாங்க."

"இது ஓட்டுப் பொட்டி இல்லீங்க சாமி. பூவு," என்றார் ஆண்டி.

சாமியிடம் ஒன்றை இரண்டு தரம் கேட்டவனை இந்தச் சீமை பார்த்ததில்லை. மழை வருமா என்று கேட்டுச் சிவப்பு வந்த வருஷத்தில்கூட ஊர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தது. இவன் குனிந்தான், தன் கையாலேயே பொட்டலத்தைக் கட்டினான், குலுக்கினான், விலக்கி விலக்கி வைத்தான். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். அது அழுதுகொண்டே எடுத்தது. சிவப்பு.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். அன்றைக்கு அங்கே மறுபடி எண்ணியிருந்தால் உலகமே மாறியிருக்கும் என்றேனே, பார்த்தீர்களா என்றான். ஆண்டி சாமிக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே போய்விட்டார்.

அமுதவல்லி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ரெண்டாவது கேட்டதுதான் செல்லும்னா, நம்ம கல்யாணத்துக்கு இதே கோயில்ல ஒருக்காத்தானுங்களே பூக் கேட்டாங்க?"

அவன் யோசித்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கண்ணில் கோபமே இல்லை. டீக்கடையில் அந்தம்மாவைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே வெளிச்சம் வந்தது.

"அதையும் மறுக்காக் கேட்டிருக்கோணும் புள்ள. அன்னைக்குச் செவப்பு வந்திருந்தா அப்பப் பார்த்த குமாரபாளையத்துப் பொண்ணு சம்பந்தம் முடிஞ்சிருக்கும். அந்த மாமனாருக்கு லோக்கல் மார்க்கெட்டுதான், அமெரிக்காச் சோலியே இல்ல. இந்நேரம் நம்ம பட்டறைல நாப்பது தறி ஓடியிருக்கும்."

நம்ம பட்டறை என்றான். கட்டின பெண்டாட்டியிடம், அவள் இல்லாத பட்டறையைக் காட்டி.

யுவஸ்ரீ கையில் இன்னும் அந்தச் சிவப்புப் பூ இருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நானு இருக்க மாட்டனாப்பா?"

"நீ வேற பேருல இருந்திருப்ப சாமி," என்றான் அவன்.

இதைச் சொல்கிற மனுஷனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, ஜெயபிரகாஷிடம் சொல்ல வேண்டும் என்று டீக்கடைப் பக்கம் நடந்தான். இவனைத்தான் தங்கமான மனுஷன் என்கிறாள் ராமாயி. தங்கம் என்றால் உரசிப் பார்க்க வேண்டாமா? அமுதவல்லிக்கு அந்த இடத்தில் மார்கழி மாதத்து நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. அது பட்டறையில் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பட்டறைக் கதவைத் திறந்தாள். சாமி முதல் தரம் வெள்ளை கொடுத்திருக்கிறது, அது போதும் அவளுக்கு. கத்திரியை எடுத்து முதல் தறியில் ஆரம்பித்தாள். நாலு தறியையும் அறுத்தாள். அந்தப் பஞ்சுக் குப்பையை முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் வேலிக்கு அப்பால் கொட்டினாள். தறியைக் கெடுத்துவிட்டாள் என்கிறாளே சின்னாயி, போய்ப் பார்க்கட்டும். ஒவ்வொரு தறியிலும் பிணைக்க நுனி விட்டுத்தான் அறுத்திருக்கிறாள். நாளைக்கே ஒருத்தன் மனசு வைத்தால் புதுப் பாவை அதில் கட்டி ஓட்டலாம். கெடுக்க நினைத்தவளுக்கு நுனி விட என்ன அவசியம்?

பிறகு சோறு வடித்தாள். அதையும் யாரும் சொல்வதில்லை. ரசம் வைத்தாள், மாமியாருக்குத் தட்டில் போட்டு வைத்தாள். தன் சேலை நாலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பையும் எடுத்துக்கொண்டாள். ஆராயி நடுவீட்டில் நின்றாள். பட்டறைச் சத்தம் எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

"சித்ரா ஊட்டுக்குங்க அத்தை. சூரமங்கலத்துல அவ தைக்கிற கடைலயே ஆளு வேணுங்கறாங்களாம். அவரு வந்தா சோறு போடுங்க. சூடா இருக்குது."

சித்ரா அவளுடைய சித்தி மகள். ஆராயிக்கு அவளைத் தெரியும். மூலையில் கிடந்த பேத்தியின் செருப்பைக் குனிந்து எடுத்து, வாசற்படிக்கு வெளியே ஜோடியாக வைத்தாள். தன் மகனைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாரேன் என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழுந்து வருவது. அமுதவல்லி படி இறங்கினாள், ஒன்றும் சொல்லவில்லை. யுவஸ்ரீ செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில், "வாரேன் அப்பத்தா" என்றாள்.

அமுதவல்லி அதைத் திருத்தவில்லை. பிள்ளை கையில் வாடிக்கொண்டிருந்த அந்தப் பூவை மட்டும் வாங்கி வாசலிலேயே போட்டுவிட்டு, டீக்கடை இல்லாத பக்கமாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.