நாடா தீர்ந்த இடம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாகக் கதற ஆரம்பித்ததும் எங்கள் தெரு சலூன்காரர் சவரக்கத்தியை மடக்கி வைத்துவிடுவார். நாற்காலியில் இருப்பவருக்குப் பாதி முகம் வழவழவென்று இருக்கும், மீதிப் பாதியில் நுரை காயும். "தலை ஆடினா கை ஆடும். கை ஆடினா உங்க காது கீழ கிடக்கும். கொஞ்சம் பொறுங்க" என்பார். ஒருவர் பொறுத்துப் பொறுத்து, வழித்த பாதியில் மறுபடி தாடி முளைத்துவிட்டது.

சரி, தாடி முளைத்தது மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் அச்சு அசல்.

சலூன் அண்ணன் தலை பல்பு மாதிரி. ஒரு முடி கிடையாது. சுவர் முழுக்கப் படத்தில் நிற்கிற ராக் பாட்டுக்காரர்களுக்கோ முடி இடுப்பு வரை. "இவனுங்க ஒருத்தனும் சலூன் வாசலை மிதிச்சதில்ல. ஊரே இவனுங்க மாதிரி இருந்தா என் வீட்ல உலை கொதிக்காது. ஆனாலும் இவனுங்கதான்டா எனக்கு எல்லாம்" என்று கும்பிடுவார். போட்டிருக்கும் கறுப்பு பனியனில் ஒரு மண்டையோடு. அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, துவைத்துத் துவைத்து மண்டையோட்டுக்குப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. "சட்டி பானை உருள்ற சத்தத்துக்கு எதுக்குங்க கேசட்டு? அடுப்படிக்கு வாங்க, நான் ஓசியிலயே போட்டுக் காட்டுறேன்" என்பது அக்காவின் கட்சி. போனில் பாட்டுக் கேட்பது அண்ணனுக்கு ஆகாது. சாப்பாட்டைப் போட்டோவில் பார்ப்பதுபோல என்பார்.

அவர் கேட்பது ஒரே ஒரு பழைய ஹெவி மெட்டல் ஆல்பம். கூடப் படித்தவர் பதிவு செய்து கொடுத்த கேசட். அதன் கடைசிப் பாட்டில் கிட்டார் உச்சத்துக்கு ஏறும்போது, 'டக்'. அத்தோடு சரி.

"பாத்தியா? கிட்டார் அடிச்சிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டான். வேற எவனுக்குடா இந்தத் தில்லு வரும்?" என்று முடி வெட்ட வந்த எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறார். நாங்களும் தில்லு தில்லு என்று தலையாட்டியிருக்கிறோம்.

போன வாரம் அக்காவின் தம்பி வந்தார். எலக்ட்ரீஷியன். எங்கோ மூடப்போகிற கடையில் வயரிங் கழற்றப் போனவர், அதே ஆல்பத்தின் அசல் கேசட்டை அட்டையோடு கொண்டுவந்திருந்தார்.

"அத்தான், அந்தப் பாட்டு அங்க முடியலை. உங்க கேசட்டுல நாடா தீந்துபோச்சு, அவ்ளோதான். இதுல மிச்சமும் இருக்கு."

அண்ணன் முகம் நுரையைவிட வெளுத்தது. நாற்காலியில் பேக்கரிக்காரர், பாதி வெட்டிய தலையோடு. பெஞ்சில் நானும் லாரி டிரைவரும். டிரைவர் சிரித்தே விட்டார். "அப்போ தில்லுக்காரன் எந்திரிச்சுப் போகலையா? நாடாதான் போச்சா?"

அண்ணன் டேப் ரிக்கார்டரைத் திறந்து பழையதை எடுத்தார். புதுக் கேசட்டைப் பொருத்தினார். கடைசிப் பாட்டு வரை ஓட்டினார். பொத்தான்மேல் விரல் வைத்தார், எடுத்தார்.

"மச்சான், மிச்சம் நல்லா இல்லேன்னா என்ன பண்றது? கேட்டதைக் கேக்காத மாதிரி ஆக்க முடியுமா?"

"நல்லா இருந்தா?"

"அதுவும் பயமாத்தான் இருக்கு."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். எங்களுக்கு மனப்பாடமான பாட்டு. வழக்கமான 'டக்' வரவேண்டிய இடத்தில் அஞ்சு பேருக்கும் மூச்சு நின்றது. கிட்டார் நிற்கவில்லை. அதற்கு மேலும் ஏறியது. கூரையைப் பிய்த்துக்கொண்டு மேகத்தில் இடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் டிரம்ஸ் அடங்கியது. ஒற்றைக் கம்பியை மட்டும் யாரோ, தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்பதுபோல மீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தலை ஆடவே இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. புதிதாகப் பல் முளைத்த குழந்தை மாதிரி சிரித்தார். கம்பியின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. இதோ முடியப்போகிறது என்னும்போது விரலை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டார்.

டிரைவர் பெஞ்சிலிருந்து துள்ளினார். "யோவ், என்னய்யா பண்றீங்க? போடுங்க!"

"போதும். மிச்சம் கொஞ்சம் இருக்கட்டும்."

"எதுக்கு மிச்சம்? ஊறுகாய் போடவா?"

"இன்னும் இருக்குன்னு தெரிஞ்சா போதும்டா எனக்கு."

"அண்ணன் பண்ணது சரிதான்" என்றார் பேக்கரிக்காரர், போர்த்திய துணியோடு எழுந்து. "பழைய இடத்துலயே நிறுத்தியிருந்தா இன்னும் சரி. கடைசில என்ன அது, பாட்டா தாலாட்டா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? உங்க கடை பன்னைத்தான் பாதில நிறுத்தணும். முழுசாத் தின்னவன் எவன் இருக்கான்?" என்று டிரைவர் எகிறினார்.

"ஓசியில தின்னப்போ இனிச்சுதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" மச்சான் நடுவில் புகுந்தார். "ஏணி மேல நின்னு தேடி எடுத்துட்டு வந்தது நான். அத்தான், மரியாதையா முடிவைப் போடுங்க. இல்ல கேசட்டைக் குடுங்க!"

மூன்று குரலும் சேர்ந்து எழும்பியதில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அண்ணன் அந்தக் கேசட்டை எடுத்துப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். கத்திக்கொண்டிருந்த பேக்கரிக்காரரைத் தோளில் அமுக்கி உட்காரவைத்தார். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மிச்ச முடியை வெட்ட ஆரம்பித்தார்.